செல்வம் சீட்டில் ஒரு பெட்டி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "ஏலே, ராத்திரி என்னத்தச் சாப்பிட்ட?" என்று கேட்கிற ஆள் நான். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபது வருசம் போர்மேன் வேலை பார்த்தவன். எங்கள் தொழிலில் பேய்க்குப் பயந்து பிரயோசனம் இல்லை, ஈரத்துக்கும் உராய்வுக்கும் பயந்தால் உயிர் மிஞ்சும். அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்நேரம் சிரித்திருப்பேன்.

என்னிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. கம்பெனிக்குப் போகிற பாதை முழுக்கக் கரிசல். ஒரு தூறல் விழுந்தால் போதும், வேனெல்லாம் புதைந்துவிடும், ஜீப் மட்டும்தான் ஏறி வரும். காலையில் ஊரிலிருந்து ஆறேழு பேரை ஏற்றிக்கொண்டு போவேன். முன்னால் என் பக்கத்து சீட்டு செல்வத்துக்கு. வெடிமருந்து கலக்குகிற வேலை அவனுக்கு. பத்து வருசமாக அந்த சீட்டில் வேறு யாரையும் உட்கார விட்டதில்லை. "எந்திரி, எந்திரி, அண்ணாச்சிக்கு நாந்தான் வழி சொல்லணும்" என்பான். தினமும் போகிற பாதைக்கு என்ன வழி சொல்ல இருக்கிறது, சும்மா ஒரு கொழுப்புதான். எனக்கும் அவன் இல்லாமல் வண்டி ஓட்டப் பிடிக்காது.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு நாள் அவன் மருந்து ரூமிலேயே போய்விட்டான்.

அதில் என் பங்கு என்ன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உள்ளே ஆள் இருக்கும்போது மருந்து ரூம் கதவைச் சாத்தவே கூடாது. லேசாகப் புகை கண்டாலும் ஒரே பாய்ச்சலில் வெளியே வந்துவிட வேண்டும், அதற்குத்தான் இந்தச் சட்டம். வேலைக்குச் சேருகிற எல்லாருக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பவனே நான்தான். அன்றைக்குத் திடீரென்று காற்றும் சாரலும். கதவு படார் படாரென்று அடித்தது. அடிக்கிற கதவும் மருந்துக்கு ஆகாது, சாரலும் ஆகாது. ரெண்டு நிமிசம்தானே என்று வெளியிலிருந்து கொண்டியைப் போட்டுவிட்டு, வெயிலில் காயப்போட்ட சரக்கு நனைகிறதே என்று தார்ப்பாயை இழுக்க ஓடினேன். அந்த ரூமின் எதிர்ப்பக்கக் கதவை மறித்து அட்டைக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்ததும் நான்தான், சீசன் அவசரம். தார்ப்பாயை விரித்து முடிப்பதற்குள் ரூம் வெடித்துப் போய்விட்டது.

கதவும் கொண்டியும் சிதறிவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. விசாரிக்க வந்தவர்களிடம் நான் வாயைத் திறக்கவில்லை. செல்வத்தின் பெண்சாதி முனீஸ்வரி, அவளும் எங்கள் கம்பெனியில்தான் லேபிள் ஒட்டுகிறாள், என் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அப்போதும் திறக்கவில்லை. கோழைத்தனம்தான், வேறு பேர் கிடையாது.

அதற்கப்புறம் அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை. பின்னால் இடித்துப் பிடித்து நெருக்கிக்கொண்டு வருவார்களே தவிர, முன்னால் வரமாட்டார்கள். ஓட்டுகிற எனக்கோ கடைக்கண்ணில் அந்த வெறும் சீட்டு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு சிவகாசியில் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் விட்டு, சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பெட்டி வைக்கச் சொன்னேன். ஸ்பேனர், கயிறு, தூக்குச்சட்டி எல்லாம் போட்டுக்கொள்ளலாம் என்று காரணம் சொன்னேன். அவன் தகரத்தில் அடிக்கிறேன் என்றான். மரத்தில்தான் வேண்டும், கீலும் கொண்டியும் பித்தளையில் இருக்க வேண்டும் என்றேன்.

"ஜீப்பே இரும்பு, பெட்டிக்கு மட்டும் பித்தளையா? நல்ல ஆளு அண்ணாச்சி நீங்க!" என்று சிரித்தான். பழக்கதோசம், என்ன செய்வது, உரசினால் பொறி பறக்கும் என்று இரும்பு என்றாலே எங்களுக்கு ஆகாது. சீட்டு இருந்த அதே நாலு ஓட்டையில் போல்ட் போட்டுப் பெட்டியை முறுக்கிக் கொடுத்தான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

முதல் நாள் கம்பெனி வாசலில் இறங்கும்போது பார்த்தேன், கொண்டி விலகி மூடி திறந்திருந்தது. பாதை அப்படி, குலுக்கலில் விலகியிருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான். தார்ரோட்டில் மெதுவாகப் போனபோதும் அப்படித்தான். கொண்டியைத் தட்டி இறுக்கினேன், பிரயோசனம் இல்லை. கடைசியில் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கி மாட்டினேன். ரெண்டு நாள் சும்மா இருந்தது. பார்த்தாயா, பூட்டுக்கு அடங்காத பேய் உண்டா என்று எனக்குள்ளேயே ஒரு நக்கல்.

மூன்றாம் நாள் முனீஸ்வரியை விருதுநகருக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. அங்கே ஒரு ஆபீசில் செல்வம் சம்பந்தமாக ஏதோ கையெழுத்து. அவள் கைப்பையைப் பெட்டிக்குள் வைத்து நானே பூட்டினேன், சாவி என் சட்டைப்பையில். அவள் எனக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தாள். திரும்பும்போது உச்சி வெயில். ஊருக்குப் பிரிகிற மண்பாதையில் இறங்கி கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன், யதேச்சையாக இடது பக்கம் பார்த்தேன்.

மூடி திறந்து நேராக நின்றது. பூட்டு பூட்டினபடியே வளையத்தில் தொங்குகிறது, சாவி என் பையில் இருக்கிறது. நம்பினால் நம்புங்கள், வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்புகிறது, நானும் முனீஸ்வரியும் துள்ளுகிறோம், அந்த மூடி மட்டும் ஆடவில்லை. யாரோ உள்ளேயிருந்து கையால் தாங்கிப் பிடித்த மாதிரி அப்படியே நின்றது.

"பூட்டாதீக அண்ணாச்சி" என்றாள் முனீஸ்வரி பின்னாலிருந்து. குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "வீட்டுலயும் அவுக எந்தக் கதவையும் சாத்த விட மாட்டாக. குளிக்கப் போனாக்கூட ஒருக்களிச்சுத்தான் வச்சிருப்பாக."

வண்டியை நிறுத்திவிட்டேன். அதுவரை அடக்கி வைத்தது அத்தனையும் வாயில் வந்துவிட்டது. திரும்பி அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

"தாயி, அன்னைக்கு அந்தக் கதவுல கொண்டி போட்டது நாந்தான்."

"தெரியும் அண்ணாச்சி."

"யாரு சொன்னா?"

"அவுகதான்."

செல்வம் அந்த இடத்திலேயே போனவன். ஆஸ்பத்திரிக்குக்கூடக் கொண்டு போகவில்லை, யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"உள்ள இருந்து உங்களக் கூப்பிட்டாகளாம். 'இந்தா வாரேன்லே'ன்னு சத்தம் குடுத்தீகளாம்ல?"

இதை நான் உங்களிடம்கூட இதுவரை சொல்லவில்லை, கவனித்தீர்களா? என் பெண்சாதியிடம் சொல்லவில்லை, கோயிலில் நின்றும் சொல்லவில்லை. ஆனால் நடந்தது. தார்ப்பாயின் ஒரு முனை என் கையில் இருந்தபோது "அண்ணாச்சி!" என்று ஒரு சத்தம் கேட்டது. "இந்தா வாரேன்லே" என்றேன். போகவில்லை, அடுத்த முனையை இழுக்கப் போனேன். மழைக்காக எல்லாரும் உள்ளே இருந்தார்கள், வெளியே என்னைத் தவிர ஒரு ஆள் இல்லை.

முனீஸ்வரி ஏசவில்லை, அழவில்லை. யாரோ சொல்லி அனுப்பிய தாக்கலைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "இன்னும் வரலையேன்னு கேக்காக அண்ணாச்சி."

மறுநாளே போய்க் கொண்டி போட்டதை, அட்டை அடுக்கியதை, எல்லாவற்றையும் விசாரித்தவர்களிடம் ஒப்புக்கொண்டேன். கேஸ் நடக்கிறது, போர்மேன் வேலை போய்விட்டது. ஊரில் சில பேர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, அதுவும் நியாயம்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்தத் தெம்பில்தான் போன வாரம் முனீஸ்வரி வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டீகளா?" என்றாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் தாயி. இனிமே கேக்க மாட்டான்ல?" என்றேன்.

அவள் சுளகிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நேத்துக்கூடக் கேட்டாக."

எங்கே வரச் சொல்கிறான் என்று அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன், எனக்குப் பயமாக இருந்தது.