ஆயிரத்தில் ஒரு நொடி

என் வீட்டுக்காரர் இருபது வருடமாகப் போட்டோ எடுக்கிறார். அந்த இருபது வருடமும் பக்கத்தில் பிளாஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான். எடுத்த படத்தை அங்கேயே கேமராவில் பார்க்கமாட்டார். அப்படியொரு வீம்பு. "எட்டி எட்டிப் பாக்குறவனுக்குத் தொழில் தெரியலன்னு அர்த்தம்" என்பார். ஒரு தடவை பாருங்க என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

அவருடைய அக்காவுக்கு, எனக்கு அண்ணி, தாடையில் புற்றுநோய். மறுநாள் காலை ஆபரேஷன், பாதித் தாடையை எடுத்துவிடுவார்கள். "இந்த மூஞ்சி இருக்கும்போதே ஒரு போட்டோ எடுத்துடுடா" என்று தம்பியிடம் கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், சுள்ளென்ற காலை வெயிலில், ஒரு பூங்காவில் இறங்கினோம். அண்ணியை நாற்காலியில் உட்காரவைத்து, அவருடைய இரண்டு பெண்களையும் பின்னால் நிற்கவைத்தார். வெயில் அவர்கள் முதுகில். முகத்துக்கு என் கையிலிருந்த பிளாஷ்தான் வெளிச்சம்.

பிளாஷ் போட்டால் எங்கள் கேமராவில் இருநூறில் ஒரு நொடிக்கு மேல் வேகம் கூடாது. கூடினால், உள்ளே ஒரு திரை முழுதாகத் திறப்பதற்குள் அடுத்தது மூட வந்துவிடும். படத்தின் கீழ்ப்பகுதிக்குப் பிளாஷ் எட்டாது. இது எனக்கே அத்துப்படி. ஆனால் மனுஷன், பின்னால் மரமெல்லாம் மங்கலாக விழட்டும் என்று லென்ஸை அகலத் திறந்தார். வெயில் ஏறுகிறதே என்று வேகத்தை ஆயிரத்துக்குத் தள்ளியிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. எங்கள் பிளாஷ் பழசு, தப்பைத் தடுக்கத் தெரியாது.

பதினொரு படம். ஒன்றையாவது பார்த்தாரா? நானாவது பார்க்கச் சொன்னேனா? அண்ணி அழாமல் சிரித்துக்கொண்டிருந்தார், அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அன்று முழுக்க ரத்தப் பரிசோதனை, கையெழுத்து என்று அலைச்சல். மறுநாள் காலை வார்டு வராந்தாவில்தான் லேப்டாப்பைத் திறந்தார். பதினொன்றிலும் பெண்கள் முகம் பளிச்சென்று இருந்தது. கீழே உட்கார்ந்திருந்த அண்ணிக்கு முகமே இல்லை, இருட்டுதான். வெளிச்சம் கூட்டிப் பார்த்தார். புள்ளி புள்ளியாக ஏதோ வந்தது, அது அண்ணி இல்லை.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"அக்கா மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன். வேற எதுவும் ஓடல."

பாவி மனுஷன், கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஸ்ட்ரெச்சர் வெளியே வந்துவிட்டது. அண்ணியின் மூக்கில் குழாய், தாடை நெடுக டாக்டர் போட்ட ஊதாக் கோடு.

"இன்னும் போட்டோவாடா? நேத்து எடுத்தது நல்லா வந்திருக்கா?"

அவர் கேமராவைக் கீழே இறக்கினார். நான்தான் முந்திக்கொண்டேன்.

"அருமையா வந்திருக்கு அண்ணி."

"அப்போ பெருசாப் போட்டு வீட்ல என் கட்டிலுக்கு எதிர்ல மாட்டிடும்மா. அங்க இருக்கிற கண்ணாடியக் கழட்டிடு. இனிமே அதையே பாத்துக்கிறேன்."