பச்சை மைக் கோடு

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லி, பேய்க்கதை பேசுறவங்க வாயை அடைச்சே பழகினவன் நான். இதைக் கேட்டுட்டு நீங்களும் சிரிப்பீங்க, சிரிச்சுக்கோங்க.

என் தம்பி சூசை எழுபதுகள்ல அப்பாவோட இந்தியாவுக்குக் கப்பலேறினவன். இங்க இலங்கையில எங்களைக் கள்ளத்தோணின்னு ஏசுவாங்க, அங்க போனா சிலோன்காரன். ஆனாலும் படிச்சுப் படிச்சு, ஏதோ குளிர்தேசத்து ஆய்வுகூடம் வரைக்கும் போயிட்டான். நான் டிக்கோயாப் பக்கம் தேயிலைத் தோட்டத்து பெக்டரியில, கொழுந்து வாட்டுற மாடியில வேலை. ஏழாம் வகுப்போட நின்னவன்தான், ஆனா அவன் கடிதத்தைப் பத்துத் தடவை படிச்சு விளங்கிக்குவேன். ஒரு சில்லுக்குள்ள கண்ணுக்கே தெரியாத மெல்லிசுப் பள்ளமாம், அதுல எலக்ட்ரானை அடைச்சு, பெரிய காந்தத்துக்குள்ள வச்சு உறைய உறையக் குளிரவச்சா, மெஷின் தாள்ல ஏறிக்கிட்டே வர்ற கோடு மூணுல ஒரு பங்குங்கிற இடத்துல படி மாதிரி மட்டமா நிக்குமாம். துளி அழுக்கு, துளி சூடு பட்டாலும் கலைஞ்சிருமாம். இந்த மாசத்துக்குள்ள அந்தப் படி விழலைன்னா பட்டமில்ல, வெறுங்கையோட அனுப்பிருவாங்கன்னு எழுதியிருந்தான்.

எங்க மாடியில வெப்பம் பார்க்க ஒரு மெஷின். சுத்துற உருளையில தாள், பேனா தானா ஊதாக் கோடு போடும். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வெயில் வருது, பனி மூடுது, சூடான காத்தும் விட்டிருக்கு, பேனா குதிக்கணும். குதிக்கல. அடிமட்டம் வச்ச மாதிரி ரெண்டு மணி நேரம் நேரா ஓடிச்சு, நம்புனா நம்புங்க, என் கண்ணு முன்னால ஊதா பச்சையாச்சு.

வேலை நேரத்துல தூங்கிட்டு, கையால கோடு இழுத்து விடுறது எங்க பெக்டரியில தெரிஞ்ச களவு. பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் தாளைப் பார்த்தார்.

"ஏன்டா ஞானம், மையாச்சும் பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா?"

மறுநாள் என்னைய மலையில புல்லு வெட்ட அனுப்பிட்டாங்க. அவர் என் மூஞ்சியில வீசின தாளைப் பத்திரமா வச்சுக்கிட்டேன்.

ஒரு மாசம் கழிச்சுத் தம்பி கடிதம், கூடவே அவன் மெஷின் பச்சை மையில போட்ட கோடு. "போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை படி விழுந்துச்சு அண்ணே, ஒரே தடவை. மறுநாள் சில்லு வெடிச்சிருச்சு. ஒரு தடவை வந்ததை நம்ப மாட்டாங்களாம். இன்னொரு கோடு காட்டச் சொல்றாங்க." தாள்ல இருந்த தேதி, என் பேனா பச்சையா ஓடின அதே செவ்வாய்க்கிழமை.

ரெண்டு தாளையும் ஜன்னல் கண்ணாடியில ஒட்டிப் பிடிச்சேன். படி முடியிற இடத்துல இருந்த சின்ன வெட்டு உட்பட ஒண்ணுமேல ஒண்ணு உக்காந்துச்சு.

இன்னொரு கோடு என் கையில இருந்துச்சுங்க. தேயிலை மாடித் தாளை எந்தத் துரை நம்புவான்? ஏழை சொல் அம்பலம் ஏறாதுன்னு நானே முடிவு பண்ணி, அனுப்பாம விட்டுட்டேன். அதுக்கப்புறம் அவன்கிட்டேருந்து கடிதமே இல்ல.

ஊதா மை எப்பவோ வெளிறிப்போச்சு. அந்தப் பச்சையைத் தொட்டா மட்டும், இன்னிக்கும் விரல்ல ஒட்டுது.