சனா விழுங்கிய ஒரு ரூபாய்

என் மூன்று வயது மகள் சனா ஒரு ரூபாய் நாணயத்தை விழுங்கிவிட்டாள். துபாயிலிருக்கும் கணவர் போனில் பதறினார். "காசுல ஈயம் இருக்கும், விஷம் ஏறிடும்! உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வை."

உப்பைக் கரைத்து சனாவின் வாயருகே கொண்டுபோனேன். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு நர்ஸ் மல்லிகா, நடந்ததைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குடுக்காதீங்க அக்கா! ஒரு ரூபா காசு வெறும் ஸ்டீல்தான், ஈயமெல்லாம் இல்ல. வாந்தியில காசு மேல வந்து மூச்சுக்குழாய அடைச்சா உயிருக்கே ஆபத்து. கிளம்புங்க!"

பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரி போகும்வரை ஆட்டோவில் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரேயில் நாணயம் வயிற்றுக்கு இறங்கியிருந்தது. "தானா வெளிய வந்துடும்மா" என்றார் டாக்டர். மறுநாள் வந்தும்விட்டது.

சனா எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். நல்லது செய்வதாக நம்பி நான் என்ன செய்ய இருந்தேன் என்பதை என்னால் மட்டும் இன்றும் மறக்க முடியவில்லை.