கொம்பனின் விசிலில் எத்தனை வெட்டு?

செங்கோட்டை நம் ராஜ்யத்தோடு சேர்ந்த மறு வருஷம் அது. ஓரணா, இரண்டணா போய் நயா பைசா வந்து, கடைக்காரரும் வாங்குகிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முழித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆனி மாதச் சாரலில் செங்கோட்டை யார்டில் நடந்த ஒரு காரியத்துக்காகத்தான் போன செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, கூட வந்த மகள் செல்வி போனில் தட்டுகிறாள்.

வீரகேரளம்புதூரில் காலை ஏழு மணி பஸ். தென்காசிக்கு முக்கால் மணி நேரம், இருபது ரூபாய். அங்கிருந்து குற்றாலம் சாலையில் ஆட்டோ, நூற்றிருபது ரூபாய்.

"தாத்தா, ஊரே அருவிக்கு ஓடுது. நீங்க இரும்பப் பாக்கவா போறீய?" என்றார் ஆட்டோக்காரர்.

"அருவி எங்கயும் போவாதுல்லா."

"இரும்பு மட்டும் எந்திரிச்சு ஓடிருமாக்கும்!"

நுழைவுச் சீட்டு ஐம்பது ரூபாய். ஒன்றரை கிலோமீட்டர் தண்டவாளம் போட்டு, பழைய நீராவி எஞ்சின் ஒன்றைப் பாரம்பரிய ரயில் என்று ஓட்டுகிறார்கள். ஓட்டுகிறார்கள் என்ன, பின்னால் நின்று டீசல் எஞ்சின் தள்ளுகிறது. பலகையில் இருந்த சரித்திரத்தைச் செல்வி படித்தாள். சீமையில் செய்தது, கப்பலில் வந்தது, எங்கெங்கோ ஓடியது. செங்கோட்டை என்ற பேரே இல்லை. ஆனால் டிரைவர் நிற்கிற இடத்தின் இடது தகட்டில், ஏழு ஆணி அடித்த ஒட்டு இருந்தது. தடவிப் பார்த்தேன். கொம்பனேதான், ஷெட்டில் நாங்கள் அப்படித்தான் அதைக் கூப்பிடுவோம்.

நான் அப்போது ஷெட்டில் எஞ்சின் துடைக்கிற கிளீனர். மலை ஏறும் கூட்ஸுக்கு முன்னால் கொம்பன் இழுக்கும், பின்னால் இன்னொரு எஞ்சின் தள்ளும். சாரலில் ஒன்றை ஒன்று பார்க்க முடியாது. முன் எஞ்சின் விசில் கொடுத்தால்தான் பின் எஞ்சின் தள்ள வேண்டும். கொம்பனுக்குக் கரகரத்த குரல். யார்டில் வேகன் மாற்றும் குட்டி எஞ்சினுக்குக் கீச்சுக்குரல். குரலை வைத்தே யார் கூப்பிடுவது என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்று காலை ஷெட் மேஸ்திரியும் நானும் கொம்பன், குட்டி இரண்டின் விசிலையும் சுத்தம் செய்யக் கழற்றினோம். எண் படிக்கத் தெரியாததால் அரத்தால் நான் அடையாளம் வைத்திருந்தேன்: கொம்பனுக்கு ஒரு வெட்டு, குட்டிக்கு இரண்டு. மாட்டியதும் நானே.

பின் எஞ்சினில் டிரைவர் சுலைமான் அண்ணாச்சி, பயர்மேன் மாடசாமி. அண்ணாச்சிக்குக் காது மந்தம். மாடசாமியின் காதுதான் அவருக்கும். "கொம்பன் கூப்பிட்டுட்டு அண்ணாச்சி, தள்ளுங்க" என்றிருக்கிறார் மாடசாமி. தள்ளினார். கொம்பனோ பிரேக்கோடு நின்றது. நடுவில் இரண்டு வேகன் தடம் புரண்டு, பக்கத்து லைனில் நின்ற குட்டியின் மேல் சாய்ந்தன. ஆளுக்குச் சேதமில்லை.

விசாரணையில், விசில் கொடுத்தது குட்டிதான் என்று தெரிந்தது. அதன் டிரைவர் அன்றுதான் ஊருக்குப் புதிதாக வந்தவர். குரல் வித்தியாசம் அவருக்குத் தெரியாது. "கொம்பன் குரலத்தான்யா கேட்டேன்" என்று மாடசாமி தலையில் அடித்துக்கொண்டார். என்னைக் கேட்டார்கள், "விசிலைச் சரியா மாட்டினியாலே?" மாட்டினேன் என்றேன். அப்படித்தான் ஞாபகம். அதற்குள் அடிபட்ட கொம்பனும் குட்டியும் பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தன, திரும்பவில்லை. காது சரியில்லை என்று மாடசாமியை எஞ்சினிலிருந்து இறக்கி, கரி அள்ளப் போட்டார்கள்.

இப்போது அந்த விசிலைப் பார்க்க வேண்டும். பராமரிப்புக்காரர் பேச்சிமுத்து மேலே ஏறி, போனில் படம் பிடித்து வந்து காட்டினார்.

"ரெண்டு வெட்டு இருக்கு அண்ணாச்சி."

"இன்னொரு தடவ பாருமய்யா."

"எத்தன தடவ பாத்தாலும் ரெண்டுதான். ஆனா ஒண்ணு, ஒர்க்‌ஷாப்புல ஒரு எஞ்சின் பாய்லர இன்னொண்ணுல தூக்கி வச்சிருவாவ. விசிலும் கூடவே வந்துரும். இது எதோட விசிலோ, யாரு கண்டா?"

அப்படியானால் என் கை மாற்றி மாட்டியதா, ஒர்க்‌ஷாப்பு மாற்றியதா? அன்று கட்டியிருந்த வேட்டியின் கரை நிறம்கூட நினைவிருக்கிறது. பச்சை. கொம்பன் மேல் ஏறியதும், ஈரக்கை வழுக்கியதும் நினைவிருக்கிறது. விரலுக்கடியில் ஒரு வெட்டா இரண்டா என்பது மட்டும் ஒரு சமயம் இப்படித் தோன்றுகிறது, ஒரு சமயம் அப்படி.

போகிறவர்கள் பத்து மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் கூட்டம். சீசனில் குடை வேண்டும். எஞ்சினின் இடப்பக்கப் படி ஆடுகிறது, வலப்பக்கம் ஏறுங்கள்.

நாங்கள் அருவிக்குப் போகவில்லை. செங்கோட்டை வந்து புளியறை பஸ் ஏறினோம். எனக்கே தெளிவில்லாததைப் போய் என்னவென்று சொல்வது என்று வழியெல்லாம் செல்வியைக் கேட்டேன். "தெரியலன்னே சொல்லுங்கப்பா, ரெண்டு வெட்டுன்னும் சொல்லுங்க" என்றாள். சுலைமான் அண்ணாச்சி போய்விட்டார். மேஸ்திரி போய்விட்டார். குட்டியின் டிரைவரும் போய்விட்டார். புளியறை செக்போஸ்ட் பக்கம் மகனுடைய டீக்கடையில், தன் காதுதான் தன்னை ஏமாற்றியது என்று இன்றும் நம்பிக்கொண்டு, யார் பேசினாலும் காதைக் கையால் மடக்கிக் கேட்கிற ஒருவர்தான் மிச்சம். மாடசாமி.