ராசா வீட்டுப் பத்தியம்

பரியாரி வேலையில் நோயாளியைச் சமாளித்துவிடலாம். நோயாளியின் வீட்டைச் சமாளிப்பதுதான் பாடு. பெரிய வீடுகளுக்கு மருந்து அரைத்து நொந்துபோன என் தொழில்காரர் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கு வாய்த்தது கண்டாவளைப் பக்கத்து அரமனை. வெள்ளைக்காரனே கப்பலேறிப் போய்விட்டான். பழைய வன்னி ராசாக்களின் வழிவந்த அந்த வீட்டுப் பெரியவரை மட்டும் ஊர் இன்னும் ராசா என்றுதான் சொன்னது. அம்மப்பா சொன்ன கதைகளில் அரச வைத்தியர்கள் பல்லக்கில் போனார்கள். நான் சைக்கிளில் போனேன். மாரி காலத்தில் அதையும் தள்ளிக்கொண்டு போனேன்.

மஞ்சள் கண்

ராசாவுக்குச் செங்கமாரி. கண், நகம் எல்லாம் மஞ்சள். கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தேன். நான் சொல்லும்வரை உப்பு, எண்ணெய், மீன், இறைச்சி எதுவும் கூடாது என்றேன். எனக்குச் சத்தமாகக் கதைக்க வராது; ஆனால் பத்திய விஷயத்தில் இரண்டாம் பேச்சு இல்லை. ராசா மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். நல்ல நோயாளி என்று மகிழ்ந்துபோனேன்.

வெளியே வந்ததும் அவர் மனைவி, ராசாத்தியம்மா, அந்த வீட்டு வழக்கத்தைச் சொன்னார். ராசா சாப்பிடாத ஒன்றை அந்த வளவுக்குள் வேறு யாரும் சாப்பிடக்கூடாதாம். வேலைக்காரருக்கும் விலக்கில்லை, விருந்தாளிக்கும் விலக்கில்லை. அதுவும் மகள் மங்கையைப் பெண் பார்க்கக் கனகராயன்குளத்திலிருந்து ஆட்கள் வர இருக்கிற நேரம். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போன வீடு. ராசாத்தியம்மா பெருமூச்சு விட்டார்.

"தம்பி, ஒரு ஆளின்ரை வருத்தத்துக்கு முழு வளவுக்குமெல்லோ பத்தியம் சொல்லிப்போட்டீர்."

குசினியில்

சமையல்காரர் செல்லையா அண்ணை கைப்பக்குவத்துக்குப் பேர்போனவர். ஒரு கிழமை கழித்து என்னைக் குசினி வாசலில் மறித்தார். கை தன்பாட்டில் உப்புச் சிரட்டைக்குப் போகிறது, போன கையை வெறுமனே எடுக்க மனம் கேட்கவில்லை என்றார். ராசாவுக்கு உப்பை விட்டுவிட்டு வேறு ஏதாவது ஒன்றைத் தடுக்க முடியாதா என்று கேட்டார். முடியாது என்றேன்.

"இவ்வளவு காலமும் என்ரை சமையலைச் சாப்பிட்டு ஒருத்தரும் அழேல்லைப் பரியாரியார். நேற்று வண்டிக்காரன் அழுதவன், அதுவும் முதல் வாயிலையே."

கருவாட்டுக் கடகம்

அடுத்து வந்தவர் முல்லைத்தீவுக் காசிம் நானா. அரமனைக்குக் கருவாடு கொடுக்கிறவர். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம்; ஓலைக் கடகத்தோடு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். அவருக்கு முன்னால் கட்டாக் கருவாட்டு வாசம் வந்தது. செங்கமாரிக்குக் கருவாடு நல்லது என்று ஏதாவது ஏட்டில் இருக்கிறதா, வடிவாகப் பார் என்றார். வடிவாகப் பார்த்தாலும் இராது என்றேன். மத்தியானச் சாப்பாடு எனக்கும் அரமனையில்தான். அந்த வாசத்துக்கு என் நாக்கும் ஊறியது. கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"கண் மஞ்சளானது ராசாவுக்கு. வயிறு காயிறது எனக்கு. இதுக்கு என்ன மருந்து தம்பி?"

மாப்பிள்ளை வீட்டார்

அவர்கள் வருகிற நாள் காலை ராசாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். மஞ்சள் வடிந்திருந்தது, போய்விடவில்லை. ஒருநாளைக்கு மட்டும் பத்தியத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி ராசாத்தியம்மா கண்கலங்கினார். இன்று விட்டால் இவ்வளவு நாள் பட்டதும் வீண் என்றேன். விருந்தாளிகளுக்காவது புறம்பாகச் சமைக்கலாமே என்று ராசாவிடமே கேட்டுப் பார்த்தேன்.

"பத்தியம் உம்மடை கையிலை, வழக்கம் என்ரை கையிலை. நீர் விடுவீரோ?" என்றார்.

"மாட்டன் ஐயா."

"அப்ப நானும் விடன்."

இலை போட்டார்கள். அத்தனை கறியிலும் ஒரு கல் உப்பில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் வயலும் மாடுமாய் வாழ்கிற பெரிய கமக்காரர். முதல் வாய் வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். கூட வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ராசாத்தியம்மா கதவுக்குப் பின்னால் போய்விட்டார். சோறு போட்டுக்கொண்டு நின்ற மங்கைதான் வாய் திறந்தாள். அப்பாவுக்குச் செங்கமாரி, அவர் சாப்பிடாததை இந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை, தானும் இத்தனை நாளாய்ச் சாப்பிடுவது இதைத்தான் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

கமக்காரர் அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து ராசாவுக்குப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார்.

"கலியாணத்துக்கு நாள் பாருங்கோ ஐயா. இதை முகம் சுழிக்காமல் சாப்பிட்ட பிள்ளை என்ரை மனிசியின்ரை சமையலையும் சாப்பிட்டுப்போடும்."

ராசாவின் ஈரலைக் காப்பாற்றியது கீழ்க்காய்நெல்லி, சம்பந்தத்தைக் காப்பாற்றியது கனகராயன்குளத்தில் நான் கண்டறியாத ஓர் அம்மாவின் கைப்பக்குவம், ஊரில் பேரெடுத்தது என்னவோ பரியாரியான நான்தான்.