அத்தையோடு போன கோயமுத்தூர் பஸ்

எழுபதுகளில் என் மாமியாருக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்தது. மகனிடம் சொல்லக் கூச்சப்பட்டு, கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு என்னைத்தான் துணைக்குக் கூப்பிட்டார். அதுவரை சமையலைத் தாண்டி நாங்கள் அதிகம் பேசியதில்லை.

பல வாரம் பஸ்ஸில் போய் வந்தோம். அங்கே கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அவ்வப்போது ரத்தமும் எடுத்தார்கள். ரத்தத்தில் என்சைம் என்று ஒன்று உண்டு, கட்டி கரையக் கரைய அதுவும் குறையலாம் என்று டாக்டரம்மா சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் அத்தை பேசிக்கொண்டே வருவார். கல்யாணமாகி, நாங்கள் குடியிருந்த ராயபுரத்துக்கு வந்த புதிதில், பனியன் கம்பெனி மெஷின் சத்தத்தில் தூக்கம் வராமல் அழுததை அப்போதுதான் சொன்னார்.

ஒருநாள் டாக்டரம்மா, "என்சைம் நல்லா எறங்கியிருக்கும்மா. கட்டியும் சுருங்கிடுச்சு" என்றார்.

"அப்ப இனிக் கரண்டுக்கு வர வேண்டாமுங்களா?" என்று அத்தை கேட்டார். "வேண்டாம்மா, முடிஞ்சுது" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "அம்மிணி, பசிக்குது. மசால் தோசை சாப்புடலாமா?" என்றார். பல வாரங்களாகச் சோற்றை ஒதுக்கியவர் முழுத் தோசையையும் சாப்பிட்டார்.

அதன்பின் பல வருடம் நன்றாக இருந்தார். ஆனாலும் அன்று, இனி இப்படிச் சேர்ந்து பஸ் ஏற மாட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.