மாற்றிய பாஸ்வேர்ட்

பிரவுசரிலேயே புரோகிராம் எழுதும் எடிட்டரை, தொலைதூர சர்வரில் கண்டெய்னர் என்கிற தனி மென்பொருள் அறைக்குள் நிறுவியவன் நான். பாஸ்வேர்ட் எனக்கும், உறையூரிலிருந்து வரும் சக ஊழியர் செல்விக்கும் மட்டுமே தெரியும். அடுத்தடுத்து இரண்டு திங்கட்கிழமைகளில் என் ஃபைல்கள் காணாமல் போயின. தன்னுடையவையும் போனதாக செல்வி சொன்னதை நாடகம் என்றே நினைத்தேன். சனிக்கிழமை, யாருக்கும் சொல்லாமல் பாஸ்வேர்டை மாற்றினேன்.

திங்களன்று மறுபடியும் ஒரு ஃபைலும் இல்லை. உள்ளே போக முடிந்தவன் நான் ஒருவன்தான். அப்போதுதான் உறைத்தது. திங்கள்தோறும் பழைய கண்டெய்னரை, உள்ளே இருப்பதோடு சேர்த்து நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுகிறவன் நான். ஃபைல்களை அதற்கு வெளியே சேமிக்க மறந்தவனும் நான்தான்.

அன்று மாலை ஸ்ரீரங்கம் பஸ்ஸில் இருந்தபோது செல்வி போன் செய்தார்.

“வெள்ளிக்கிழமையே உங்க ஃபைலையும் சேத்து காப்பி எடுத்து வச்சேங்க. இப்ப ஏத்தலாம்னா பாஸ்வேர்ட் தப்புன்னு வருதே?”

புதியதைச் சொன்னேன். ஏன் மாற்றினேன் என்று அவர் கேட்கவில்லை. இன்றுவரை நானும் சொல்லவில்லை.